அவருக்கு ஏணி, எனக்கு நோட்டு
காரைக்குடிப் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஐப்பசி மழை பிடித்தால் வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஓட்டில் எங்கேயாவது ஒழுகும். என் வீட்டுக்காரர் உடனே ஏணியைத் தேடுவார். நானோ அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, கொத்தனார் கூலி, ஓடு, மரம் என்று நோட்டில் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவேன். இதற்கே பல வருஷம் சண்டை. அப்புறம் ஒரு வழி பிடித்தோம்: அன்றைக்கே முடிக்க வேண்டியது அவர் பொறுப்பு, பெரிய செலவென்றால் ஒரு ராத்திரி தள்ளிப்போட்டு, என் நோட்டைப் பார்த்த பிறகுதான் பேச்சு. அவரவர் பங்கில் மற்றவர் வாய் திறக்கக் கூடாது (எனக்கு இது இன்னும் முழுசாக வரவில்லை). பொறுப்பைப் பிரித்தாலும் குடும்பம் ஒன்றுதான்: நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு, ஆளுக்கொன்று கிடையாது. சரி, யாருக்கு எது என்பதை மழைக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், சண்டைக்கு நடுவில் பிரிக்க முடியாது.