ஸ்டீயரிங்கை ஒடித்தால் ‘டக் டக்’

காரைக்குடியில் கைமாறி வந்த ஆட்டோமேட்டிக் செடான். வலப்பக்கம் முழுக்க ஒடித்து மெல்ல நகர்த்தினால் இடது முன்சக்கரத்தில் ‘டக் டக்’. ரிம்மின் உட்புறம் கருப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தது, வெளிப்பக்க சி.வி. பூட் (சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட், அதாவது மூட்டை, மூடும் ரப்பர் உறை) மடிப்பில் விரல் நீளக் கிழிசல். நம்மூர்ச் செம்மண் புழுதி உள்ளே புகுந்தால் கிரீஸ் அம்மியில் அரைத்த விழுதுதான், ஜாயின்ட்டுக்குள் இருக்கும் எஃகுக் குண்டுகளைத் தின்றுவிடும்.

சத்தம் வருமுன் பார்த்திருந்தால் பூட் மாற்றுவதோடு போயிருக்கும். வந்தபின் புது கிரீஸ் காப்பாற்றாது. ஜாயின்ட், பூட், 2 கிளாம்ப், ஆக்சில் நட் எல்லாம் புதுசு. கிட்டில் வந்த மாலிப்டினம் கிரீஸ் பாக்கெட் முழுவதும் உள்ளே.

ஆக்சிலை உருவும்போது கியர்பாக்ஸிலிருந்து ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) வழியும். தட்டில் பிடித்து அளந்து, அதே அளவு, மேனுவல் சொல்லும் ரகமே ஊற்றினேன். ஆயில் சீலையும் அதே கையோடு மாற்றியாயிற்று. ஆக்சில் நட்டை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில்தான் முறுக்கினேன்.