பாலும் மளிகையும் ஃப்ரீசரில்: மிச்சம் பிடிக்க நினைத்து நஷ்டப்படுத்தும் தவறுகள்

மலிவாகக் கிடைக்கிற நாளில் நாலு லிட்டர் பால் வாங்கி ஃப்ரீசரில் அடுக்கிவிட்டால் மட்டும் பணம் மிச்சமாகிவிடாது. அந்தப் பால் உருகி, திரியாமல் காய்ந்து, யாராவது குடித்தால்தான் மிச்சம். பிரெட், காய்கறி, இறைச்சி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

ஃப்ரீசர் எதையும் புதிதாக்குவதில்லை. உள்ளே போகும்போது பொருள் எந்த நிலையில் இருந்ததோ, ஏறக்குறைய அதே நிலையில் நிறுத்தி வைக்கிறது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் கிருமிகள் பெருகாது. ஆனால் பல கிருமிகள் சாவதும் இல்லை. பனி உருகியதும் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். அதனால் உள்ளே வைப்பதற்கு முன்பும் வெளியே எடுத்த பிறகும் செய்கிற தவறுகளில்தான் பெரும்பாலும் காசு வீணாகிறது.

பாலைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவது

“ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், மிஞ்சினால் உறைய வைக்கலாம்” என்று விட்டுவைத்தால், ஃப்ரீசருக்குப் போகும்போதே பால் கெடும் தறுவாயில் இருக்கும். உருக்கி அடுப்பில் வைத்ததும் திரிந்துவிடும்; பழி ஃப்ரீசர் மேல் விழும். வாங்கிய அன்றே எவ்வளவு தேவைப்படும், எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்து, மிஞ்சுவதை அன்றைக்கே வைத்துவிடுங்கள். காய்ச்சிய பாலாக இருந்தால் முழுக்க ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் குளிர்வித்த பிறகுதான் ஃப்ரீசர்.

அடுத்த தவறு, விளிம்பு வரை நிரப்புவது. உறையும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். பாலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதுவும் உப்பும். ஒரு லிட்டர் டப்பாவில் 900 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். விளிம்பு வரை நிரப்பிய கண்ணாடிப் பாட்டில் கட்டாயம் விரிசல் விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டை அப்படியே வைப்பதானால், இன்னொரு பைக்குள் போட்டுத் தட்டில் படுக்க வையுங்கள். உறைந்த பாக்கெட்டின் மூலை எதிலாவது இடித்தால் தையல் பிரியும். உருகும்போதுதான் அது கண்ணில் படும், அதற்குள் பாதிப் பால் தட்டில் நிற்கும்.

மூன்றாவது, பெரிய கட்டியாக உறைய வைப்பது. ஒரு வேளைக்கு 200 மில்லி போதும் என்கிற வீட்டில் ஒரு லிட்டர் கட்டியை எடுத்தால், மிச்ச 800 மில்லியையும் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு தடவைக்கு ஊற்றுகிற அளவே ஒரு டப்பாவின் அளவு. டீ, காபிக்கு என்றால் ஐஸ் ட்ரே வசதி. ஒரு குழியில் எத்தனை மில்லி பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். கட்டிகள் உறைந்ததும் மூடியில்லாத ட்ரேயில் விட்டுவைக்காமல் ஜிப் பைக்கு மாற்றுங்கள். பாலும் வெண்ணெயும் பக்கத்தில் உள்ள மீன், வெங்காய வாடையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.

உருக்குவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மேடையில் வைத்தால் ஓரத்துப் பால் வெதுவெதுப்பாகிவிடும், நடுவில் இன்னும் பனிக்கட்டி இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஓரத்துப் பால் மணிக்கணக்கில் அந்தச் சூட்டில் கிடக்கும். முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைப்பதுதான் சரி. ஒரு லிட்டருக்கு ஒரு முழு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அவசரமென்றால் டப்பாவை இறுக மூடிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

பாதி உருகியதுமே ஊற்றிப் பயன்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். முதலில் உருகி வருவது கெட்டியான, இனிப்பு கூடிய பால். சர்க்கரையும் உப்புச் சத்துகளும் அதில்தான் சேரும். கடைசிவரை கட்டியாக நிற்பது பெரும்பாலும் தண்ணீர். முதல் டம்ளர் திகட்டும், கடைசி டம்ளர் சப்பென்றிருக்கும். முழுக்க உருகவிட்டு, நன்றாகக் குலுக்கி, பிறகு ஊற்றுங்கள்.

நல்ல பாலையே கெட்டது என்று சாக்கடையில் கொட்டுவது இன்னொரு வீண். உறைந்த பால் மஞ்சளாகத் தெரிவது இயல்பு. உருகியதும் வெண்மை திரும்பும். உருகிய பாலில் சிறு சிறு துணுக்குகள் மிதப்பதற்குக் காரணம், பனிப்படிகங்கள் கொழுப்புத் துளிகளின் மேலுறையைக் கிழித்துவிடுவது. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே வரும். மிக்ஸியில் சில விநாடி அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும், சூடாக்கினால் கொழுப்பு உருகிவிடும். புளித்த வாடை அடித்தாலோ, சூடாக்கும்போது தயிர்க்கட்டிபோல் திரண்டு தெளிநீர் தனியே பிரிந்தாலோ அது கெட்ட பால். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கொழுப்பு நீக்கிய பாலும், கொழுப்பைச் சீராகக் கலந்து வரும் பாலும் உறைவதைத் தாங்கும். ஏடு தடித்து நிற்கிற பால் அதிகம் பிரியும். எந்தப் பாலையும் ஒரு மாதத்துக்குள் எடுத்தால் சுவை நன்றாக இருக்கும். 3 மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். உருகிய பாலைக் கஞ்சி, கேக், டீ என்று சமையலுக்கு ஒதுக்குங்கள். பச்சையாகக் குடிக்கப் பலருக்குப் பிடிக்காது.

பாலிலிருந்து வருகிற எல்லாமும் பால்போலவே நடந்துகொள்ளாது. வெண்ணெயைக் காற்றுப் புகாமல் சுற்றினால் 6 மாதம்கூட நிற்கும். கெட்டி சீஸைத் துருவி வையுங்கள். முழுக்கட்டியாக வைத்தால் உதிரும். தயிர் நீர் பிரிந்து மணல்மணலாகிவிடும், குழம்புக்கு வேண்டுமானால் ஆகும். மென்மையான சீஸ் வேண்டவே வேண்டாம்.

ஃப்ரீசரின் குளிரைப் பார்க்காமல் நிரப்புவது

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி எல்லாமே மைனஸ் 18க்குப் போகாது. பெட்டி மேல் உள்ள நட்சத்திரக் குறியைப் பாருங்கள்: ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. நான்கு இருந்தால்தான் புதிய பொருளை உறைய வைக்கவும் தகுந்தது. மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திரம் வேறு, இது வேறு. மைனஸ் 6 பெட்டியில் மாதக்கணக்கில் எதையும் வைக்க முடியாது, ஒரு வாரம்தான் கணக்கு.

நல்ல ஃப்ரீசரிலும் ஒரே நாளில் மொத்தமாகத் திணிக்கக் கூடாது. 100 லிட்டர் ஃப்ரீசருக்கு ஒரு நாளில் புதிதாக 3 முதல் 5 கிலோ போதும். அதற்கு மேல் போட்டால் எல்லாமே மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் பெரிய படிகங்கள் உருவாகிப் பொருளின் செல் சுவரைக் கிழிக்கும். உருகும்போது சாறெல்லாம் வடிந்து சக்கை மிஞ்சும். பையைத் தட்டையாக, 2 அல்லது 3 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி உறைய வைத்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். உறைந்த பிறகு செங்குத்தாக அடுக்கிக்கொள்ளலாம்.

பையில் காற்றை விட்டுவைத்தால் ஓரங்கள் வெளிறி, வறண்டு, நார்போல் ஆகும். பனி உருகாமலேயே ஆவியாகிப் போவதால் வரும் வறட்சி அது. தின்றால் கெடுதல் இல்லை, சுவைதான் போய்விடும். வாய்ப்பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் பையைத் தண்ணீரில் மெல்ல அமிழ்த்துங்கள். தண்ணீரின் அழுத்தம் காற்றை வெளியே தள்ளும், அப்போது மூடுங்கள்.

காய்கறியைப் பச்சையாகப் போடுவது

காய்களில் உள்ள நொதிகள் ஃப்ரீசரிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். பச்சையாகப் போட்ட பீன்ஸ் நாளாக நாளாக நிறம் மங்கி, வைக்கோல் வாசனை அடிப்பது அதனால்தான். அரைக் கிலோ காய்க்கு 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, காயைப் போட்டு, மறுபடி கொதி வந்ததிலிருந்து நேரம் பாருங்கள். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், காரட் துண்டுக்கும் கீரைக்கும் 2, பீன்ஸுக்கும் காலிஃபிளவருக்கும் 3. உடனே அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில் போட்டு, துணியில் ஈரம் போக உலர்த்தி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் கொட்டுங்கள். தட்டில் பரப்பும் இந்த வேலையை விட்டால் மொத்தமும் ஒரே பாறையாகிவிடும். கொதிநீரில் போடும் நேரத்தைக் குறைத்து அரைகுறையாகச் செய்வது செய்யாமலிருப்பதைவிட மோசம். அந்த இளஞ்சூடு நொதிகளைத் தூண்டிவிடும்.

வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாய், இஞ்சியை இப்படிக் கொதிநீரில் போட்டு எடுக்கத் தேவையில்லை. பச்சை உருளைக்கிழங்கு கறுத்து நீர்விடும். வெள்ளரியும் தர்பூசணியும் கூழாகும். வாழைப்பழத்தைத் தோலுரித்துத்தான் வைக்க வேண்டும்.

பிரெட், சோறு, முட்டை, இறைச்சி

பிரெட் கெடாமலிருக்க ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் அதைச் சீக்கிரம் வறளவிடுகிறார்கள். மாவுச்சத்து மீண்டும் இறுகுவது ஃப்ரிட்ஜின் குளிரில்தான் வேகம், ஃப்ரீசரில் அது நின்றுவிடும். துண்டு போட்டே வையுங்கள். உருக்காமல் நேராக டோஸ்டரில் போடலாம்.

சோற்றை மணிக்கணக்கில் வெளியே ஆறவிடாதீர்கள். வேகவைத்தும் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் உண்டு; அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிரில் வையுங்கள்.

முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். உடைத்து, மஞ்சளும் வெள்ளையும் கலக்க அடித்து வையுங்கள். மஞ்சள் கரு மட்டும் என்றால் நான்குக்கு ஒரு சிட்டிகை உப்போ, ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரையோ கலக்க வேண்டும். இல்லையேல் பசைபோல் இறுகிவிடும்.

இறைச்சியைக் கடைத் தட்டோடு நீண்ட நாள் வைக்காதீர்கள். அதன் மெல்லிய உறை காற்றைத் தடுக்காது. உருக்கும்போது ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கிண்ணத்துக்குள் வையுங்கள். அதன் நீர் மற்றவற்றின் மேல் சொட்டக் கூடாது.

பெயரும் தேதியும் எழுதாதது

உறைந்த பிறகு எல்லாமே ஒன்றுபோல் தெரியும். என்ன, எவ்வளவு, என்றைக்கு என்று வைக்கும்போதே எழுதுங்கள்; ஈரம் பட்ட பை மேல் பேனா பிடிக்காது. புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் கதவில் ஒட்டியிருந்தால், இருப்பதையே மறுபடி வாங்குகிற செலவு நிற்கும்.

ஃப்ரிட்ஜில் உருகி, இன்னும் குளிராக இருப்பதை மறுபடி உறைய வைக்கலாம், தரம்தான் கொஞ்சம் குறையும். வெளியே வைத்து உருகியதை மறுபடி வைக்கக் கூடாது. மின்சாரம் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரம். மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு பையாக அழுத்திப் பாருங்கள்: உள்ளே பனிப்படிகம் கையில் தட்டுப்பட்டால் அப்படியே மறுபடி உறையவிடலாம், முழுக்க உருகி வெதுவெதுப்பாகிவிட்ட பாலும் இறைச்சியும் குப்பைக்குத்தான்.