சாப்பாட்டோட தேத்தண்ணி, ரொட்டியோட வெறும் சம்பல்: மலையகத்து அடுப்படியில தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்க அம்மாவுக்கு ரத்தம் குறைவுன்னு சொல்லி கிளினிக்ல இரும்புச்சத்து குளிசை குடுத்தாங்க, அவங்களும் ஒரு நாள் விடாம போட்டாங்க, மூணு மாசம் கழிச்சு பாத்தா ரத்தம் ஏறவே இல்ல, கொழுந்து கூடையோட மேட்டுல ஏறும்போது அதே மூச்சு வாங்கல், அதே தல சுத்தல். அப்பறம் மிட்வைஃப் மிஸ் ஒரு நாள் வீட்டுக்கு வந்தப்ப "குளிசைய எதுல போடுறீங்கம்மா"ன்னு கேட்டாங்க. "தேத்தண்ணியிலதான் மிஸ், வேற எதுல போடுறது"ன்னு அம்மா சொன்னாங்க. அந்த ஒரு கேள்விக்கு பிறகுதான் எங்க வீட்டு சாப்பாட்ட நான் ஒழுங்கா கவனிக்க ஆரம்பிச்சேன், பிறகு பிள்ளை மடுவத்துல, அதான் வேலைக்கு போறவங்க புள்ளைங்கள விட்டுட்டு போற எடத்துல, கொஞ்ச வருஷம் வேல செஞ்சப்ப மத்த வீட்டு சாப்பாட்டையும் கிட்ட இருந்து பாத்தேன். நம்ம லயத்துல, தோட்டத்து வரிசை வீடுகள்ல, ஆக்குற சாமான்ல முக்காவாசி நல்ல சாமான்தாங்க. அத எந்த நேரத்துல, எதோட சேத்து, எப்பிடி ஆக்குறோம்ங்கிறதுல சத்து வீணாப் போகுது. சம்பளம் பத்தாது, விடியக்காத்தால நேரம் பத்தாது, அது எனக்கு நல்லாவே தெரியும், அதனால பெருசா காசு கேக்கிற யோசன எதையும் இதுல எழுதல.

மொதல்ல அந்த தேத்தண்ணி கதைய சொல்லி முடிச்சிர்றேன், ஏன்னா நம்ம பக்கம் இதுதான் பெரிய பிழை. தேயிலைச் சாயத்துல ஒரு துவர்ப்பு இருக்குல்ல, நாக்க இழுத்துப் புடிக்கிற மாதிரி, அதுக்கு காரணமான டானின் மாதிரி சாமானெல்லாம் கீரை, பருப்பு, சோறு, ரொட்டியில இருக்கிற இரும்புச்சத்தோட வயித்துக்குள்ளயே ஒட்டிக்கும், ரத்தத்துல சேர விடாது. சாப்பாட்டோட ஒரு கோப்ப நல்ல சாயமா குடிச்சா அந்த சாப்பாட்டுல இருந்து சேர வேண்டிய இரும்புல பாதிக்கு மேல போயிடும். பால் ஊத்தினா சரின்னு சிலர் சொல்றாங்க, அப்பிடி இல்ல, பால் தேத்தண்ணியும் அதே மாதிரிதான் தடுக்கும், கோப்பியும் தடுக்கும். மீன் எறச்சியில இருக்கிற இரும்பு வேற வகை, அத தேத்தண்ணி அவ்வளவா ஒன்னும் செய்யாது, ஆனா மீனும் எறச்சியும் நம்ம வீட்ல மாசத்துல எத்தன நாளைக்கு இருக்கு சொல்லுங்க. பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்கு (100 மில்லிலீட்டர் ரத்தத்துல 12 கிராம்) கீழ போனா ரத்தக் குறைவு, புள்ளத்தாச்சிக்கு 11-க்கு கீழ போனா ரத்தக் குறைவு. மாசா மாசம் ரத்தம் போற ஒடம்புக்கு, நாள் பூரா மேடு பள்ளம் ஏறி எறங்குற ஒடம்புக்கு, கெடக்கிற கொஞ்ச இரும்பையும் நாமளே தேத்தண்ணி ஊத்தி கழுவி விடுறது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்குங்க.

தேத்தண்ணிய விட்டுருங்கன்னு நான் சொல்லல, நாம பறிக்கிற கொழுந்து, அதக் குடிக்காம எப்பிடி இருக்கிறது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க, அவ்வளவுதான். விடிய எந்திரிச்ச ஒடனே குடிக்கிறத குடிங்க. பெரட்டுக்கு, அதான் காலையில வேலை பிரிச்சு குடுக்கிற எடத்துக்கு, போக முன்னுக்கு ரொட்டிய சாப்ட்டுட்டு போனா பத்து மணி தேத்தண்ணி தனியா வந்துரும். காலையில எறங்காது, பத்து மணிக்கு மலையில வச்சுத்தான் ரொட்டி சாப்டுவேன்னா அந்த நேரம் போத்தல்ல சுடுதண்ணி கொண்டு போங்க, தேத்தண்ணிய பிறகு குடிச்சுக்கலாம். இரும்புக் குளிசைய தண்ணியில போடுங்க, தேசிக்கா புளிஞ்ச தண்ணின்னா இன்னும் நல்லம், ஏன்னா விட்டமின் சி இரும்ப உள்ள ஏத்தி விடும். அதனாலதான் கீரைக்கு தேசிக்கா புளியிறதும் சாப்ட்ட பிறகு ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ கடிக்கிறதும் நல்லது. தேசிக்காய அடுப்புல இருந்து எறக்கின பிறகு புளியணும், கொதிக்கும்போது விட்டா அந்த விட்டமின் சூட்டுல கொறஞ்சிரும்.

தேத்தண்ணியில போடுற சீனியையும் ஒருக்கா கணக்கு பாருங்க. கோப்பைக்கு ரெண்டு தேக்கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பன்னு வச்சாலே 50 கிராம் கிட்ட வந்துரும், உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆளுக்கு கூடுனது 50, முடிஞ்சா 25 கிராமுக்குள்ள நிப்பாட்டச் சொல்லுது. பிஸ்கட், பணிஸ் எல்லாம் இன்னும் சேரவே இல்ல. வாரத்துக்கு அரைக் கரண்டியா கொறச்சா நாக்கு பழகிரும், ஒரேயடியா நிப்பாட்டினவங்க எல்லாரும் பத்து நாள்ல திரும்ப போட்டுக்கிட்டதத்தான் நான் பாத்திருக்கேன்.

ரொட்டிக்கு வருவோம். கோதுமை நம்ம நாட்ல வெளையிற பயிர் இல்ல, கப்பல்ல வந்த மாவு, ஆனா தோட்டத்து வாழ்க்கைக்கு அது மாதிரி கைகுடுத்த சாமான் வேற இல்ல, பெசஞ்சு தட்டி சுட்டா கட்டிக்கிட்டு மலைக்கு போயிரலாம். ரொட்டி திங்கிறது பிழைன்னு நான் சொல்ல மாட்டேன். வெள்ள மாவு ரொட்டியும், மொளகாயும் வெங்காயமும் உப்பும் இடிச்ச கட்டச் சம்பலும் மட்டுமே காலையிலயும், மிச்சம் இருந்தா ராவைக்கும்னு போறதுதான் பிழை. வெள்ள மாவுல தவிட்டையும் முளையையும் எடுத்துர்றாங்க, நார்ச்சத்து அதோட போயிருது, மூணு ரொட்டி சாப்ட்டாலும் ரெண்டு மணி நேரத்துல பசி வந்துரும், கட்டச் சம்பல்ல உப்பும் ஒறைப்பும்தான் மிச்சம். மூணு பங்கு மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா கலந்து பாருங்க, குரக்கன்ல கால்சியம் நெறைய இருக்கு, எலும்புக்கு நல்லது. மாவு பெசையும்போதே ஒரு கரட்ட துருவிப் போடலாம், முருங்கை இல கெடைக்கிற பக்கம்னா அத போடலாம், எங்க வீட்ல லீக்ஸ் பச்ச இலய பொடியா வெட்டி போடுவோம், புள்ளைங்க கேட்டு வாங்கி திங்குதுங்க. கூட ஒரு கரண்டி பருப்போ அவிச்ச கௌப்பியோ இருந்தாப் போதும்.

லீக்ஸ் பச்ச இலன்னு சொன்னேன்ல, இத கொஞ்சம் வெவரமா சொல்லணும். நுவரெலியா, வெலிமட, பண்டாரவள பக்கம் மரக்கறி போடுற வீடுகள்ல பாருங்க, நோக்கோல், பீட்ரூட், முள்ளங்கி, லீக்ஸ் எல்லாத்துக்கும் கெழங்கையும் தண்டையும் எடுத்துக்கிட்டு இலய ஆட்டுக்கு போட்டுருவாங்க, இல்லாட்டி குப்பைக்கு போயிரும். அந்த இலயிலதான் இரும்பும் கால்சியமும் விட்டமின் ஏ ஆகுற சத்தும் கெழங்க விட கூட இருக்கு. நோக்கோல் இல, பீட்ரூட் இல, முள்ளங்கி இல மூணையும் பொடியா வெட்டி, தேங்காப்பூ, வெங்காயம், பச்ச மொளகா போட்டு அஞ்சு நிமிஷம் வதக்கி எறக்கினா மல்லும், அதான் கீரைச் சுண்டல். தேங்காப்பூ போடுறது ருசிக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, கீரையிலயும் கரட்டுலயும் இருக்கிற அந்த விட்டமின் ஏ சத்து ஒடம்புல சேர கொஞ்சம் கொழுப்பு வேணும். எங்க அம்மாயி பீலிக்கரையில இருக்கிற வல்லாரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் புடுங்கிட்டு வருவாங்க, அப்ப எங்களுக்கு அது பஞ்சத்து சாப்பாடுன்னு வெக்கமா இருந்துச்சு, அந்த வெக்கத்த நெனைச்சா இப்ப கவலையா இருக்கு.

ஆனா கழுவுறதுல கவனமா இருங்க, மரக்கறிக்கு மருந்து எவ்வளவு அடிக்கிறாங்கன்னு நம்மள விட வேற யாருக்கு தெரியும். வெட்டினத பிறகு தண்ணியில ஊறப் போடுறது பிழை, சத்து தண்ணியோட போயிரும், மொதல்ல ஓடுற தண்ணியில ஒவ்வொரு இலயா நல்லா தேச்சு கழுவிட்டு பிறகு வெட்டுங்க. கோவான்னா மேல் இல ரெண்ட உரிச்சு வீசிருங்க. சொந்தமா போடுறவங்க மருந்து போத்தல்ல எத்தன நாள் கழிச்சு புடுங்கணும்னு போட்டிருக்கிறத பாத்துட்டு புடுங்குங்க, வீட்டுக்கு எடுக்கிறதுக்கும் சரி லொறிக்கு ஏத்துறதுக்கும் சரி.

பருப்பு பயறு வேகாத கதை மலைநாட்டுக்கே உரிய கதை. கொழும்புல தண்ணி 100 பாகைல கொதிக்கும், ஹட்டன் உயரத்துல கிட்டத்தட்ட 96, நுவரெலியா 1868 மீட்டர், அங்க 94-லயே கொதிச்சிரும். கொதிக்குது கொதிக்குதுன்னு நாம பாத்துக்கிட்டு இருப்போம், ஆனா சூடு கொறவுதான், அதனாலதான் கடலையும் கௌப்பியும் மணிக்கணக்கா வெறகு திங்குது. இதுக்கு நெறைய பேர் அப்பச்சோடா போடுறாங்க, அது மெதுவாக்கும் உண்மைதான், கூடவே பி1 விட்டமினையும் அழிச்சிரும். ராவைக்கே ஊறப் போடுங்க, காலையில அந்த தண்ணிய ஊத்திட்டு புது தண்ணியில வேக வைங்க, புளியும் தக்காளியும் வெந்த பிறகு சேருங்க, புளிப்பு முன்னுக்கே விழுந்தா பயறு எறுகிரும். பிரஷர் குக்கர் ஒன்னு வாங்க முடிஞ்சா மலைநாட்டு வீட்டுக்கு அது ஆடம்பர சாமான் கெடையாது, வெறகும் மிச்சம், அந்த சின்ன காம்பராவுல பொகை குடிக்கிற நேரமும் மிச்சம். சோத்துக்கும் ஒரு வார்த்தை, அரிசிய தண்ணி தெளிவாகுற வரைக்கும் அஞ்சாறு தரம் கழுவுறதும் கஞ்சிய வடிச்சு ஊத்துறதும் பி விட்டமின்கள வாசலுக்கு ஊத்துறதுதான். கல் பொறுக்கி ரெண்டு தரம் கழுவினா போதும், கஞ்சிய உப்புப் போட்டு குடிச்சிருங்க.

மரவள்ளிய புடுங்கின அன்னைக்கே ஆக்குங்க, தோல நல்லா சீவி, துண்டு போட்டு, நெறைய தண்ணியில சட்டிய மூடாம அவிச்சு அந்த தண்ணிய கட்டாயம் கொட்டணும், அதுல சயனைட் உண்டாக்குற சாமான் இருக்கு. தோல் பச்ச நெறமா மாறின, முளைச்ச உருளைக்கெழங்கும் நஞ்சுதான், வீச மனசு வராட்டியும் வீசிருங்க.

உப்பு ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, கருவாட்டுலயும் நெத்தலியிலயும் மாசியிலயும் சோயாமீட் பக்கட்டுக்குள்ள வர்ற தூள்லயும் இருக்கிறது எல்லாம் சேத்துத்தான் அந்த ஒரு கரண்டி. கருவாட்ட சுடுதண்ணியில ஊறப்போட்டு ரெண்டு தரம் அலசினா உப்பு நல்லா கொறையும். இலங்கையில 1995-ல இருந்து சமையல் உப்புல அயடீன் கட்டாயம், தொண்டைக் கழலை வராம இருக்கத்தான் அது, ஆனா நாம அந்த உப்ப செரட்டையில தொறந்து அடுப்புக்கு பக்கத்துலயே வச்சிர்றோம், சூட்டுலயும் ஈரத்துலயும் அயடீன் கொஞ்சம் கொஞ்சமா போயிரும். மூடி உள்ள போத்தல்ல போட்டு அடுப்ப விட்டு தள்ளி வைங்க, கறி எறக்கப் போற நேரம் உப்பு போடுங்க.

குளிர்தானே, கெட்டுப் போகாதுன்னு ராச் சோத்தையும் கறியையும் மூடி வச்சுட்டு காலையில லேசா சுட வச்சு கட்டிக்கிட்டு போறதும் நம்ம பழக்கம். எவ்வளவு குளிரா இருந்தாலும் அடுப்படி பிரிஜ் ஆகாது, பிரிஜ்ஜுக்குள்ள 5 பாகைக்கு கீழ இருக்கும். சோத்துல வளர்ற ஒரு வகை கிருமியோட நஞ்சு திரும்ப சுட வச்சாலும் சாகாது. பிரிஜ் இல்லாத வீட்ல ராவைக்கு மிஞ்சாத அளவுக்கு சோறு போடுங்க, மிஞ்சினத காலையில நம்பி புள்ளைங்களுக்கு குடுக்காதீங்க. கறுத்துப் போன பொரிச்ச எண்ணெய்ய திரும்ப திரும்ப பாவிக்கிறதும் வேணாம்.

சின்ன புள்ளைங்களுக்கு தேத்தண்ணியில பிஸ்கட்ட நனச்சு ஊட்டுறத மடுவத்துல தெனமும் பாத்தேன், போத்தல்ல தேத்தண்ணி ஊத்தி குடுக்கிறதும் உண்டு. ஆறு மாசத்துக்கு பிறகு தாய்ப்பாலோட சோறு, பருப்பு, கீரை, முட்டைய நல்லா மசிச்சு குடுக்கணும், வளர்ற புள்ளைக்கு தேத்தண்ணியில ஒன்னும் இல்ல, இருக்கிற இரும்பையும் அது கெடுக்கும். அதே மாதிரி கிளினிக்ல குடுக்கிற திரிபோஷா, சோளமும் சோயாவும் பால்மாவும் விட்டமினும் சேத்து புள்ளத்தாச்சிக்கும் பால் குடுக்கிற தாய்க்கும் நிறை கொறஞ்ச புள்ளைக்கும்னு அளந்து குடுக்கிறது. அத உருண்ட புடிச்சு வீட்ல ஆறு பேரும் ஆளுக்கு ஒன்னு தின்னா யாருக்குன்னு வந்துச்சோ அவங்களுக்கு ஒன்னும் சேராது.

தண்ணி குடிக்காம இருக்கிறதையும் எழுதணும், இத எழுத கோவம் வருது. மலையில கக்கூஸ் இல்லன்னு பொம்பளைங்க காலையில இருந்து தண்ணியே குடிக்காம இருக்காங்க, மூத்திரக் கடுப்பும் தலவலியும் அதுலதான் ஆரம்பிக்குது. இது அவங்க பிழை இல்ல, மலையில அதுக்கு வசதி செஞ்சு குடுக்க வேண்டியவங்க செய்யணும், அது வரைக்கும் காலையில பொறப்பட முன்னுக்கும் வந்த ஒடனயும் ரெண்டு ரெண்டு கோப்ப தண்ணியாவது குடிங்க.

கடைசியா எங்க வீட்ல நடந்த பிழை ஒன்னு. நாலு மணிக்கு மேல கொழுந்து நிறுத்துட்டு வந்து, அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் போட்டு குடுத்துட்டு, சட்டிய வழிச்சு சாப்டுறது எங்க அம்மாதான், மீன் துண்டு இருந்தா அப்பாவுக்கு, முட்டை இருந்தா தம்பிக்கு, அம்மாவுக்கு கொழம்பு மட்டும். கேட்டா "எனக்கு பசிக்கல"ன்னு சொல்லிருவாங்க, நாங்களும் அத நம்பிட்டோம். இப்ப கறி எறக்கின ஒடனே நான் மொதல் வேலையா அம்மா பங்க ஒரு கோப்பையில எடுத்து மூடி வச்சுர்றேன், முட்டை நாலு இருந்தா பொரியலாக்கி அஞ்சு பேருக்கும் சமமா வெட்டுறேன். குளிசைய தண்ணியில போட ஆரம்பிச்சு, இந்த கோப்பையும் வந்த பிறகு அடுத்த கிளினிக்ல ரத்தம் பாத்தப்ப 11 தாண்டி இருந்துச்சு, இன்னும் 12 வரல, தேத்தண்ணிய இப்பவும் குடிக்கிறாங்க, சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சு இஸ்தோப்புல ஒக்காந்து.