இரண்டாவது சனிக்கிழமையை ஒட்டி ஊருக்குப் போகாதீர்கள்

ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் வெளிநாட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்க முடியாது. நான் சொல்ல வந்தது ஊரில் விட்டுவிட்டு வந்த பழைய வங்கிக் கணக்கைப் பற்றி. 2026 ஜனவரியில் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய், விடுப்பில் பாதியை ஒரு வங்கிக் கிளையின் இரும்பு நாற்காலியில் கழித்துவிட்டு டொராண்டோ திரும்பியிருக்கிறேன். எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

முதலில் காலண்டரைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. 9ஆம் தேதி வெள்ளி இரவு வந்து இறங்கினேன். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை என்பது ஊரில் உள்ளவர்களுக்கு மனப்பாடம். நான் அதற்கும் முன்னால் கிளம்பிப் போனவன். 11 ஞாயிறு. 15 பொங்கல், 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள், 18 மறுபடி ஞாயிறு. 24 நான்காவது சனி, 25 ஞாயிறு, 26 குடியரசு தினம். 27 விடியற்காலை விமானம். கையில் இருந்த பதினேழு நாளில் வங்கி திறந்திருந்தது எட்டே நாள். பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் டிக்கெட் போட்டேன். வங்கி வேலையும் இருந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அல்லது நாலு நாள் முந்திப் போங்கள்.

என் கணக்கு 1999இல் கல்லூரி உதவித்தொகைக்காகத் தொடங்கியது. 2008இல் வேலைக்கு வெளியே போனேன். அப்போதே அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை என்று கிளம்பிவிட்டால், அந்நியச் செலாவணிச் சட்டப்படி உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. நான் மாற்றவில்லை. எனக்குத் தெரிந்த பத்துப் பேரில் ஒருவர்கூட மாற்றவில்லை. ‘யாரு கேக்கப்போறா’ என்று விட்டுவிடுவோம். யாரும் கேட்கவும் மாட்டார்கள், நமக்கு அந்தக் கணக்கு தேவைப்படும் நாள் வரை.

என்ஆர்ஓ, என்ஆர்இ என்று குழம்புகிறவர்களுக்கு இரண்டு வரி. வாடகை, ஓய்வூதியம், நிலத்துக் குத்தகை என்று ஊரில் வரும் வருமானம் போய்ச் சேர வேண்டிய இடம் என்ஆர்ஓ. அதன் வட்டிக்கு 30 சதவீத வரியும், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துவிடுவார்கள். கனடா போல இந்தியாவோடு வரி உடன்படிக்கை உள்ள நாட்டில் இருந்தால், அந்த நாட்டின் வரித்துறை தரும் குடியிருப்புச் சான்றைக் கொடுத்து இதைக் குறைத்துக்கொள்ளலாம். கனடாவுக்கு 15 சதவீதம். என்ஆர்இ என்பது வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயாக வைக்கும் கணக்கு. அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தைத் திரும்ப எடுத்துப் போகவும் தடையில்லை. என்ஆர்ஓவிலிருந்து வெளியே எடுக்க ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பு உண்டு. நம்மில் யாருக்கும் அந்த வரம்பு தடையாக இருக்கப்போவதில்லை.

எனக்குத் தேவையாக இருந்தது எளிய விஷயம். வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அந்த வாடகை என் கணக்குக்கு வர வேண்டும், அதிலிருந்து அம்மாவின் மருந்துச் செலவு போக வேண்டும். பழைய பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு 12ஆம் தேதி காலை பத்து மணிக்குப் போய் நின்றேன்.

“சார், இது இன்ஆபரேட்டிவ் ஆயிடுச்சு.”

இரண்டு வருடத்துக்கு மேல் கணக்கு வைத்திருப்பவர் தரப்பிலிருந்து எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். வங்கி தானாகப் போடும் வட்டி இதில் சேராது. ‘வட்டி ஏறிக்கொண்டுதானே இருக்கிறது, கணக்கு உயிரோடுதான் இருக்கும்’ என்று நினைப்பவர்கள் இதை மறுபடி ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் அப்படியே கிடந்தால் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் பணம் போய்விடாது, வங்கி வழியாகவே கேட்டு வாங்கலாம். தாத்தா, பாட்டி பெயரில் எங்காவது மறந்த கணக்கு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம்.

கணக்கை மறுபடி செயல்பட வைக்கக் கட்டணம் இல்லை, கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) புதுப்பித்தால் போதும் என்று விமானத்திலேயே படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். படித்ததெல்லாம் சரிதான். கவுன்டரில் இருந்தவர் அதைப் படித்திருக்கவில்லை.

“கணக்குல உள்ள நம்பருக்கு ஓடிபி போகும், சொல்லுங்க.”

அந்த எண் நான் ஊரில் இருந்தபோது வாங்கிய சிம். போகும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல், ரீசார்ஜும் செய்யாமல் விட்டால் நிறுத்திவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். வங்கி வாசலில் நின்று அந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான். பின்னால் பஸ் சத்தம். “யாரு? ராங் நம்பர்ணே” என்று வைத்துவிட்டான். என் வங்கியின் ஓடிபி எல்லாம் இவ்வளவு நாளாக எந்த ஊர் என்றே தெரியாத அந்தப் பையனுக்குத்தான் போயிருக்கிறது. ஊர் சிம்மை வங்கியோடு இணைத்திருப்பவர்கள், இதைப் படித்து முடித்ததும் அது இன்னும் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “அப்பாதானே மாசா மாசம் காசு போடுவாரு அந்த போனுக்கு” என்றாள். பதினான்கு வருடம். எனக்குத் தெரியாது. நான் அதைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அப்பா 2023 மாசியில் போனார். அதன் பிறகு யார் போடுவார்கள்.

அடுத்த நாள் ஆதார் கேட்டார்கள். எனக்கு ஆதார் இல்லை. நான் போன பிறகுதான் ஆதாரே வந்தது. வெளிநாடுவாழ் இந்தியருக்கு ஆதார் கட்டாயமில்லை, இந்தியப் பாஸ்போர்ட்டே போதுமான அடையாள ஆவணம். (வேண்டுமென்றால் ஊருக்கு வந்த உடனேயே விண்ணப்பிக்கலாம், 182 நாள் காத்திருக்கத் தேவையில்லை. அந்த நிபந்தனை வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கு.) சரி, பான் அட்டையைக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். தட்டிப் பார்த்துவிட்டு, “இதுவும் இன்ஆபரேட்டிவ் சார்” என்றார். அன்றைக்கு அந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை.

பான் கதை தனிக் கதை. ஆதாரோடு இணைக்காத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் வெளிநாட்டில் இருப்பது வருமான வரித்துறைக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. அவர்கள் ஏட்டில் நான் இன்னமும் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறேன். இதைச் சரிசெய்ய, உங்கள் பான் எண் எந்த வரி அதிகாரியின் எல்லைக்குள் வருகிறது என்று வருமான வரித் தளத்திலேயே பார்த்து, பாஸ்போர்ட் நகலோடு ‘நான் வெளிநாடுவாழ் இந்தியர்’ என்று அவருக்கு எழுத வேண்டும். இதை ஊருக்குப் போகும் முன்பே, இரண்டு மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நான் பொங்கலன்று கரும்பைக் கடித்துக்கொண்டே மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்குப் பதில் டொராண்டோ வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது.

பெயர்ப் பிரச்சினை நம்மவர்களுக்கே உரியது. பாஸ்புக்கில் அப்பா ஒரே ஓர் எழுத்து, என் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து முழுப் பெயராகி, பின்னால் போய்க் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. டொராண்டோவில் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பதினெட்டு வருடமாக அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். கவுன்டரில், “ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி சார் நம்புறது?” நியாயமான கேள்விதான். இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று முத்திரைத்தாளில் ஒரு உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி கையெழுத்தோடு வேண்டும். நீதிமன்ற வாசலில் அரை மணி நேர வேலை. கூடவே இரண்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள், வேறு அலுவலகத்திலும் கேட்பார்கள்.

கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை. 1999இல் தமிழில் போட்டிருந்தேன், அழகாக, சுழித்து. இப்போது போடுவது ஒரு கோடும் இரண்டு கொக்கியும். இதையும் அவர்கள் சும்மா விடவில்லை. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு ராத்திரி முழுக்க என் பழைய கையெழுத்தை எழுதிப் பழகினேன். அதற்கு அவசியமே இல்லை, புதுக் கையெழுத்தைப் பதிவுசெய்ய ஒரு படிவம் இருக்கிறது. அதை 21ஆம் தேதிதான் சொன்னார்கள்.

இதற்கிடையில் கையில் பணம் இருந்தும் செலவழிக்க வழியில்லை. கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாகூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுகிறார். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு வெளிநாட்டு எண்ணையே யுபிஐயில் இணைக்க 2023 ஜனவரியிலேயே கனடா, சிங்கப்பூர், பிரிட்டன், அமீரகம் உள்ளிட்ட 10 நாடுகளுக்கு அனுமதி வந்துவிட்டது. ஆனால் அதற்கு உயிரோடு ஒரு கணக்கு வேண்டும். அக்கா மகன் போனில் தட்ட, நான் அவன் சட்டைப் பையில் நோட்டுச் செருக, அப்படித்தான் ஓடியது. வெளிநாட்டு அட்டையை இயந்திரத்தில் போடும்போது உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, ரூபாயிலா என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ரூபாயை அழுத்துங்கள். மற்றதில் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

விஷயத்துக்கு வருகிறேன். 19ஆம் தேதி, பொங்கல் முடிந்த திங்கள். நான்காவது முறையும் அதே கவுன்டர். “சர்வர் ஸ்லோ சார், நாளைக்கு வாங்க.” அன்றைக்குத்தான் புத்தி வந்தது. வெளியே வந்து, ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, தேதிவாரியாக எதற்கு வந்தேன், யார் என்ன சொன்னார் என்று எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை கேட்டேன். முத்திரை குத்த வேண்டும் என்றதும் கடிதம் மேலாளர் அறைக்குப் போனது. வாயால் சொன்னது கவுன்டரைத் தாண்டிப் போகாது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், காசு கிடையாது. எனக்கு அதுவரை போகவில்லை.

மேலாளர் வெளிமாநிலத்துக்காரர், சின்ன வயது. தமிழ் இப்போதுதான் பழகுகிறார். “நீங்க இங்கேதான் வரணும்னு இல்ல சார், எந்த பிராஞ்சும் போகலாம்” என்றார். உண்மைதான். செயல்படாத கணக்கின் கேஒய்சியை அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் புதுப்பிக்கலாம் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வெளிநாட்டுக் கணக்குகளைத் தினமும் பார்க்கிற பெரிய ஊர்க் கிளைக்குப் போயிருந்தால் இத்தனை அலைச்சல் இருந்திருக்காது. நான் ஏன் எங்கள் ஊர்க் கிளைக்கே போனேன்? அந்தக் கணக்கு தொடங்க அப்பா சைக்கிளில் என்னைக் கூட்டிப்போன இடம் அது. வேறு காரணம் எதுவும் இல்லை.

22ஆம் தேதி கணக்கு உயிர்பெற்று என்ஆர்ஓ ஆனது. பான் சரியாகும்வரை வட்டியில் வரி கூடுதலாகப் பிடிப்போம் என்றார்கள், பிடித்துக்கொள்ளட்டும். பாஸ்புக்கை இயந்திரத்தில் விட்டேன். அது பல வருட வரிகளைச் சேர்த்து அடித்துத் தள்ளியது. ரொக்கம் 500, ரொக்கம் 500. வருடத்துக்கு இரண்டு வரி, பொங்கலையொட்டி ஒன்று, தீபாவளியையொட்டி ஒன்று. கடைசி 500, 2022 அக்டோபர். அதற்குப் பிறகு வட்டி மட்டும்தான். கணக்கு செத்துவிடக் கூடாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு மாதம் வந்த ஓய்வூதியம் எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

சித்தப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். “எதுக்குடா இவ்ளோ அலையுற, எம்பேர்ல பவர் எழுதிக் குடுத்துட்டுப் போ, நான் பாத்துக்குறேன்” என்று மூன்று முறை சொன்னார். கூடவே ஒரு மூன்று லட்சம், கைமாற்றாக, ரொக்கமாக. பவர் கொடுப்பதாக இருந்தால் எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டுக் கொடுங்கள், பொதுப் பவர் வேண்டவே வேண்டாம். கடனை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். “வெளிநாடு போனதும் சட்டம் பேசுறான்” என்று அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். இன்னும் என்னோடு பேசவில்லை.

கிளம்பும் முன் நியமனதாரர் (நாமினி) படிவம் ஒன்று நிரப்ப வேண்டியிருந்தது. பழையதில் அப்பா பெயர். பெற்றோரை நியமித்தவர்கள் இதை மறந்தேவிடுகிறோம். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம். நான் அம்மாவையும் மகளையும் போட்டேன்.

புது சிம்முக்கு ஒரு வருடத் திட்டமாக ரீசார்ஜ் செய்து கையோடு கொண்டுவந்துவிட்டேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் 500 ரூபாய் இங்கிருந்தே அனுப்ப போனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். அதை அம்மாவிடம் சொன்னபோது, “நானே போய்ப் போடுறேனே, பாங்க் பக்கத்துலதானே இருக்கு” என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஐப்பசியில் கணக்கைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், கேட்டாளா இல்லையா என்று.