ஐஸ் இல்லாத ஊரில் ஐஸ் ஹாக்கி: செட்டிநாட்டில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு நாள் போட்டி நடத்தும் முறை

ஐஸ் ஹாக்கிக்கு ஐஸ் தளம் வேண்டும், அடியில் இரும்புத் தகடு வைத்த சறுக்கு ஷூ வேண்டும். காரைக்குடிப் பக்கம் இரண்டும் கிடையாது. ஆனால் உலக மகளிர் போட்டியைப் பார்த்த பிள்ளைகளை இழுப்பது வழுக்குத் தரை மட்டுமல்ல. முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் நிற்காமலே ஆள் மாறுகிறது. தப்புச் செய்தவள் வெளியே உட்கார, அவள் அணி ஆள் குறைவாக நின்று தாக்குப்பிடிக்கிறது. சுற்றுப்பலகையில் மோதித் திரும்புவதும், கோலுக்குப் பின்னால் போவதும் ஆட்டத்தில் சேர்த்தி. இவை எல்லாவற்றையும் சிமென்ட் தரையில், சாதாரண ஷூவோடு கொண்டுவந்துவிடலாம். வெளிநாடுகளில் பந்து ஹாக்கி என்று இதைத் தனி விளையாட்டாகவே ஆடுகிறார்கள்.

இங்கே சொல்லும் கணக்கு 4 அணி, அணிக்கு 10 பேர், ஒரே நாள். பிள்ளைகள் 12 வயதுக்கு மேற்பட்டவர்களாக இருக்கட்டும்.

இடமும் நாளும்

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளம்தான் சரியான இடம். அது 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சர்வதேச ஐஸ் தளம் 60 மீட்டர் நீளம், 26 முதல் 30 மீட்டர் அகலம். ஆக, ஏறக்குறைய பாதி அளவில் அதே வடிவம் கையில் கிடைக்கிறது. அங்கே கோல்கீப்பரோடு 6 பேர் ஆடுவார்கள். இங்கே கோல்கீப்பரோடு 4 பேர் போதும். ஐந்தாவது ஆளை இறக்கினால் நெரிசலாகி, பந்து வெளியே வரவே வராது.

பெரிய வீட்டு வளவில் நடத்தலாமே என்று யாராவது ஆசையாகக் கேட்பார்கள். வேண்டாம். அங்கே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மழமழவென்று இருக்கும். வியர்வை சொட்டினாலே கால் வழுக்கும். மட்டை உரசினால் கல்லின் மேல்பூச்சும் போகும், ஒரு கல் உடைந்தால் பழைய கல்லுக்கு ஒத்த நிறம் தேடி அலைய வேண்டியதுதான்.

மார்கழியும் தையும் உகந்த மாதங்கள். பொங்கல் விடுமுறையில் வைப்பதாக இருந்தால், பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள். அன்று நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள், வேன் வாடகைக்கும் கிடைக்காது. எந்த மாதமானாலும் காலை ஒன்பதரைக்கு மேல் மாலை நாலு வரை தளத்தில் யாரையும் இறக்கக் கூடாது.

சுற்றுப்பலகை

உண்மையான தளத்தில் பலகை 107 சென்டிமீட்டர் உயரம். நமக்கு 2 அடி போதும். எட்டுக்கு நாலு ப்ளைவுட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் 8 அடி நீளம், 2 அடி உயரத்தில் இரண்டு பலகை. தளத்தைச் சுற்ற 33 பலகை ஆகும். அதாவது 17 ஷீட். 12 எம்.எம். கனம் வாங்குங்கள். 6 எம்.எம். மலிவுதான், ஆனால் பிள்ளைகள் சாய்ந்ததும் வளைந்து, இடுக்கில் மட்டை மாட்டிக்கொள்ளும். பணம் இடித்தால் வகுப்பறை பெஞ்சுகளைப் பக்கவாட்டில் சாய்த்து, உட்காரும் பலகை உள்பக்கம் பார்க்க வரிசையாக வைக்கலாம். கால்கள் ஒருபோதும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பலகைகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் வெளிப்பக்கம் பாதி மணல் நிரப்பிய சிமென்ட் சாக்கு ஒன்றை அண்டக் கொடுங்கள். முழுக்க நிரப்பினால் சாக்கு உருண்டையாகி முட்டுக்கொடுக்காது. அறுத்த விளிம்பில் சிலாம்பு நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேல்விளிம்பில் அகலமான டேப் ஒட்டுங்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் மூலை. பலகையைச் செங்குத்தாக மடக்கி வைத்தால் பந்து மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். நாலு பேர் அங்கே குவிந்து கணுக்காலில் அடித்துக்கொள்வார்கள். ஐஸ் தளத்தின் மூலைகள் வளைவாக இருப்பதற்குக் காரணம் பந்துக்குப் பதில் ஆடும் அந்த ரப்பர் வட்டு வழிந்து கோலுக்குப் பின்னால் போக வேண்டும் என்பதே. மூலையிலிருந்து இரு பக்கமும் 3 மீட்டர் தள்ளி, குறுக்காகப் பலகையை வையுங்கள். மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு பக்கம் அணிக்கு ஒரு வாசலாக இரண்டு இடைவெளி விடுங்கள்.

கோடுகளுக்குப் பெயின்ட் அல்லது மாஸ்கிங் டேப். கோலமாவு வேண்டாம், முதல் ஆட்டத்திலேயே அழியும், ஷூவும் வழுக்கும். நடுக்கோடு ஒன்று. இரு முனையிலும் பலகையிலிருந்து 1.8 மீட்டர் உள்ளே தள்ளிக் கோல் கோடு. அந்தப் பின்வெளியை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். கோலுக்குப் பின்னாலிருந்து வரும் பாஸ்தான் இந்த ஆட்டத்தின் அழகு. கோலுக்கு முன்னால் 4 அடி ஆரத்தில் அரைவட்டம்: கோல்கீப்பரின் இடம்.

கோலும் பந்தும் மட்டையும்

ஐஸ் ஹாக்கிக் கோல் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம். சிறிய தளத்துக்கு 4 அடி அகலம், 3 அடி உயரம் வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. பைப் 20 அடி நீளம் ஒன்று வாங்கினால் ஒரு கோல் முடிந்துவிடும்: 3 அடியில் இரண்டு கம்பம், 4 அடியில் மேல்சட்டம், தரையில் பின்னோக்கிப் போக 2 அடியில் இரண்டு துண்டு, பின்னால் குறுக்கே 4 அடி. மொத்தம் 18 அடி, 6 எல்போ. சொல்யூஷன் போட்டு ஒட்டும் முன் பின்குழாயில் மணலைக் கொட்டி அடையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நல்ல அடி விழுந்ததும் கோல் முன்பக்கமாகக் குப்புற விழும். நைலான் வலையை மேல்சட்டத்திலிருந்து பின்குழாய் வரை சரித்துக் கட்டி, பக்கங்களையும் மூடுங்கள். கம்பங்களுக்குச் சிவப்புப் பெயின்ட்.

ஐஸ் தளத்தில் ரப்பர் வட்டை ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். சூடான ரப்பர் துள்ளும், உறைந்தது தரையோடு சறுக்கும். நமக்கும் துள்ளல்தான் எதிரி. துள்ளாத ஹாக்கிப் பந்து கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் பழைய டென்னிஸ் பந்தில் கோணி ஊசியால் ஒரு ஓட்டை போடுங்கள். காற்று இறங்கி, துள்ளல் பாதியாகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று பந்து தயாராக இருக்கட்டும்.

மட்டையில்தான் பெரிய குழப்பம் வரும். நம் பக்கத்துப் பள்ளிகளில் இருப்பது புல்தரை ஹாக்கி மட்டை. அதன் தட்டைப் பக்கத்தால் மட்டுமே அடிக்கலாம். ஐஸ் ஹாக்கி மட்டையின் அடியில் இருக்கும் நீண்ட தட்டையான நாக்கில் இரு பக்கமும் ஆடலாம், ஆட்டமே அதில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் நாக்கு வைத்த தெரு ஹாக்கி மட்டையோ ஃப்ளோர்பால் மட்டையோ வரவழையுங்கள். தெரு ஹாக்கி மட்டையை நிமிர்த்தி வைத்தால், ஷூ போட்டு நிற்கும் பிள்ளையின் முகவாய்க்கு வர வேண்டும். அதற்கு மேல் நீண்டால் அறுத்துவிட்டு, முனையில் பஞ்சுத் துணி டேப்பை உருண்டையாகச் சுற்றுங்கள். அறுத்த முனை வயிற்றில் குத்தாது, கையிலிருந்தும் நழுவாது.

சர்வதேச மகளிர் ஆட்டத்தில் முகம் முழுவதையும் மூடும் கவசம் கட்டாயம். இங்கும் கம்பி வைத்த கிரிக்கெட் ஹெல்மெட் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. வாங்கும்போது கம்பி இடைவெளியில் நீங்கள் ஆடும் பந்தையும் மட்டையின் நாக்கையும் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்த ஹெல்மெட் உதவாது. கால்பந்து ஷின் கார்டு, கையில் பேட்டிங் கிளவுஸ். கோல்கீப்பருக்குக் கிரிக்கெட் பேடும் மார்புக் கவசமும், பந்து பிடிக்கும் கையில் விக்கெட் கீப்பர் கிளவுஸும்.

விதிகள்

1990இல் ஒட்டாவாவில் நடந்த முதல் உலக மகளிர் போட்டியில் உடம்பால் இடித்துத் தள்ளுவது அனுமதிக்கப்பட்டிருந்தது. அதன்பின் விலக்கிவிட்டார்கள். பந்தை எடுக்கப் போகும்போது தோள் உரசலாம். ஆளைக் குறிவைத்து மோதினால் தண்டனை. பிள்ளைகளின் வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதித் தயக்கம் தீரும். இடிப்பதற்குப் பதில் இரண்டு வித்தை சொல்லிக்கொடுங்கள்: மட்டையை நீட்டிப் பந்தைக் குத்தித் தட்டிவிடுவது, எதிராளியின் மட்டையை அடியிலிருந்து தூக்கிவிட்டுப் பந்தைக் கவர்வது.

ஆஃப்சைடுக்கு ஐஸில் இரண்டு நீலக் கோடு உண்டு. நமக்கு நடுக்கோடே போதும்: பந்து கடக்கும் முன் தாக்கும் அணியில் யாரும் கடக்கக் கூடாது. தன் பாதியிலிருந்து எதிர்முனைக்குப் பந்தை அடித்துத் தள்ளுவதைத் தடுக்கும் ஐஸிங் விதியைச் சேர்க்காதீர்கள். 28 மீட்டரில் நிமிடத்துக்கு இரண்டு முறை விசில் ஊத வேண்டிவரும்.

நம் பிள்ளைகள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். மட்டையைப் பின்னால் ஓங்கி வீசத்தான் கை போகும். நாக்கு இடுப்புக்கு மேல் போனால் தண்டனை என்று வைத்து, முதல் ஆட்டத்திலிருந்தே விடாமல் விசில் ஊதுங்கள். காலை வாருவது, மட்டையால் கொக்கி போட்டு இழுப்பது, கையில் அடிப்பது எல்லாம் அதே கணக்கு.

60 நிமிட ஆட்டத்தில் சிறு தண்டனை 2 நிமிடம், பெரியது 5. நம் ஆட்டம் மூன்று பகுதியாக 24 நிமிடம். எனவே 1 நிமிடமும் 2 நிமிடமும். சிறு தண்டனையின்போது எதிரணி கோல் போட்டால் வெளியே இருப்பவள் உடனே உள்ளே வரலாம், பெரியதில் முழு நேரமும் உட்கார வேண்டும். கோல்கீப்பர் நீங்கலாக இரண்டு பேருக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த தண்டனை வரிசையில் காத்திருக்கும்.

தண்டனை கொடுக்கும்போது நடுவர் உடனே விசில் ஊதுவதில்லை, கையைத் தூக்குகிறார். தப்புச் செய்த அணி பந்தைத் தன் வசப்படுத்தும் வரை ஆட்டம் ஓடும். அந்தச் சில நொடியில் மற்ற அணி கோல்கீப்பரை வெளியே அழைத்து, இன்னொருத்தியைத் தாக்குதலுக்கு இறக்கலாம். எதிரணி தொட்டதுமே விசில் என்பதால் காலிக் கோலில் அவர்கள் பந்தைப் போட முடியாது. முதல் முறை பார்ப்பவர்களுக்கு இது புரியாது. ஒருமுறை நிறுத்தி விளக்கிவிட்டால் அப்புறம் பிள்ளைகளே நடுவரின் கையைப் பார்த்துக் கத்துவார்கள்.

ஆட்டம் தொடங்க இருவர் எதிரெதிர் நிற்க, நடுவர் பந்தை இடையில் போடுவது முறை. நம் பந்து துள்ளும் என்பதால் தரையில் வைத்துவிட்டு விசில் ஊதுங்கள்.

ஆள் மாற்றம்

பத்துப் பேரில் ஒருத்தி கோல்கீப்பர், மற்ற ஒன்பது பேர் மும்மூன்றாக மூன்று வரிசை. 1 நிமிடத்துக்கு ஒரு வரிசை மாற வேண்டும். நன்றாக ஆடுகிற பிள்ளையை மூன்று நிமிடம் விட்டுவைக்கிற பயிற்சியாளர்தான் தோற்பார். களைத்தவள் ஓட மாட்டாள், மட்டையை நீட்டிக் காலை வாருவாள். தண்டனை அவளுக்கு, கோல் எதிரணிக்கு.

மாறும் நேரம் முக்கியம். பந்து எதிரணிப் பாதியில் ஆழமாகப் போனதும் மாறுங்கள், தன் கோலுக்கு முன்னால் பந்து இருக்கும்போது மாறவே கூடாது. வெளியே வருகிறவள் வாசலுக்கு 1.5 மீட்டருக்குள் வந்த பிறகே அடுத்தவள் இறங்கலாம். முந்தி இறங்கினால் ஆள் அதிகம் என்று 1 நிமிடத் தண்டனை. போட்டிக்கு முந்தைய வாரம் பந்தே இல்லாமல், விசிலுக்கு மாறும் பயிற்சியை மட்டும் அரைமணி நேரம் செய்யுங்கள். உலகப் போட்டியின் பதிவு ஒன்றைப் போட்டுக்காட்டும்போதும் பந்தை விட்டுவிட்டு பெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேர அட்டவணை

ஒரு ஆட்டத்துக்கு 8 நிமிடமாக மூன்று பகுதி, நடுவே 3 நிமிடமாக இரண்டு இடைவேளை, அடுத்த அணி வர 10 நிமிடம்: ஆக 40 நிமிடம். இடைவேளையில் தளத்தைத் துடைப்பத்தால் பெருக்கச் சொல்லுங்கள். ஐஸ் தளத்தில் 15 நிமிட இடைவேளையில் இயந்திரம் வந்து ஐஸை மெழுகும். நமக்குப் புழுதிதான் ஐஸ் கீறல். தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

காலை 6:30க்குக் காரைக்குடி–தேவகோட்டை, 7:10க்குக் கானாடுகாத்தான்–பள்ளத்தூர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆட்டத்தில் யாரைப் போட்டாலும் இப்போதுதான் ஆடி முடித்த ஒரு அணி வரத்தான் செய்யும். அதனால் 20 நிமிடம் விட்டு, 8:10க்குக் காரைக்குடி–கானாடுகாத்தான், 8:50க்குத் தேவகோட்டை–பள்ளத்தூர். மாலை 4:00க்குக் காரைக்குடி–பள்ளத்தூர், 4:40க்குத் தேவகோட்டை–கானாடுகாத்தான். 5:40க்கு மூன்றாமிடம், 6:20க்கு இறுதி. மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட் கட்டுங்கள். கோலுக்கு நேர் பின்னால் கட்டினால் எதிர்க் கோல்கீப்பரின் கண் கூசும்.

காலையில் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளட்டும். பெஞ்சில் நீர்மோரும், 1 லிட்டருக்கு 1 பாக்கெட் கணக்கில் கரைத்த ஓ.ஆர்.எஸ்.ஸும். ஆச்சிகள் கொண்டுவரும் வெள்ளைப் பணியாரத்தையும் கந்தரப்பத்தையும் பரிசளிப்புக்குப் பிறகு திறங்கள்.

எட்டுப் பள்ளி வந்துவிட்டால் குலுக்கல் போடாதீர்கள். 2025 உலகப் போட்டியில் 10 அணிகளில் வலுவான ஐந்தையும் ஒரே பிரிவில் வைத்தார்கள். அவை ஐந்துமே காலிறுதிக்கு. மற்ற பிரிவிலிருந்து மூன்று. புதிய அணி முதல் நாளே பெரிய கோல் கணக்கில் தோற்று மனமொடிவதை இந்த முறை குறைக்கும்.

புள்ளிக் கணக்கு

நேர ஆட்டத்தில் வென்றால் 3, கூடுதல் நேரத்தில் வென்றால் 2, அதில் தோற்றாலும் 1. சமமானால் இரண்டுக்கு இரண்டாக 2 நிமிடம், முதல் கோலோடு முடிவு. அப்போதும் தீராவிட்டால் ஆளுக்கொரு பந்தாக மூன்று பேர் கோல்கீப்பரைத் தனியே எதிர்கொள்வது.

சண்டை வருவது புள்ளி சமமாகும்போதுதான். சர்வதேச முறையில் சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டுமே பார்ப்பார்கள். மூன்று அணியும் பள்ளத்தூரை வென்றுவிட்டன என்று வையுங்கள். காரைக்குடி தேவகோட்டையை 2–0, தேவகோட்டை கானாடுகாத்தானை 3–2, கானாடுகாத்தான் காரைக்குடியை 4–3. மூன்றுக்கும் 6 புள்ளி. கோல் வித்தியாசம் காரைக்குடிக்கு +1, கானாடுகாத்தானுக்கு 0, தேவகோட்டைக்கு –1. தேவகோட்டை பள்ளத்தூரை 9–0 என்று அடித்திருந்தாலும் அது கணக்கில் வராது. இறுதிக்கு மற்ற இரண்டும்தான். இந்தக் கணக்கைப் பெரிய அட்டையில் எழுதி, முதல் ஆட்டத்துக்கு முன்பே நடுவர் மேசையில் மாட்டிவிடுங்கள்.

அதே அட்டைக்குக் கீழே இன்னொரு சீட்டு ஒட்ட இடமிருந்தால் இதை எழுதலாம்: இந்திய மகளிர் அணி முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் இறங்கியது 2016இல், முதல் வெற்றி 2017இல், 2025இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். அணியில் பெரும்பாலோர் லடாக்கில், வருடத்தில் ஓரிரு மாதமே உறையும் குளங்களில் ஆடிப் பழகியவர்கள். மீதி மாதங்களில் அவர்களுக்கும் கட்டாந்தரைதான்.