13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப்ஐடி ரீடருக்கு 30 செ.மீ. லூப் ஆண்டெனா: கட்டி, ட்யூன் செய்து, பொருத்தும் முறை

ஆர்எஃப்ஐடி ரீடர் என்பது டேக் எனும் சிறு சிப் அட்டைகளை ரேடியோ அலையால் தொடாமல் படிக்கும் கருவி. இந்தச் செய்முறை 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், 50 ஓம் ஆண்டெனா முனை கொண்ட, 1 வாட் அளவிலான ரீடருக்கானது. ஐஎஸ்ஓ 15693 தரத்திலான டேக்குகளைப் படிக்கும் ரீடர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறோம். 860–960 மெகாஹெர்ட்ஸ் ரீடர்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் ஆண்டெனா மூடிய பெட்டியாக, 50 ஓமுக்குத் தயாராகவே வரும். உள்ளே திருக ஒன்றுமில்லை.

தேவையானவை

12 மி.மீ. அகலச் செம்புப் பட்டை 120 செ.மீ., 35 × 35 செ.மீ. அக்ரிலிக் பலகை, 50 ஓம் கோஆக்சியல் கேபிள் (ஆர்ஜி-58 போதும்), ஒரு ஃபெரைட் வளையம் (43 ரகம்), 2 வாட் 2.2 கிலோஓம் ரெசிஸ்டர், 5–60 பிக்கோஃபாரட் டிரிம்மர் (திருகி மதிப்பை மாற்றும் கெபாசிட்டர்) இரண்டு, 10 முதல் 100 பிக்கோஃபாரட் வரை சில்லறை மதிப்புகளில் கெபாசிட்டர்கள். அளக்க ஒரு நானோவிஎன்ஏ (அதிர்வெண் வாரியாக ஆண்டெனாவை அளந்து திரையில் காட்டும் சிறு கருவி).

கெபாசிட்டர் என்பி0 (சூட்டில் மதிப்பு மாறாத செராமிக்) வகையாகவோ மைக்காவாகவோ இருக்க வேண்டும். தாங்கும் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. கைக்குக் கிடைத்தது என்று எக்ஸ்7ஆர் வகையைப் போட்டால், சூடேற ஏறக் கொள்ளளவு நகரும், அதோடு ட்யூனிங்கும் நகரும். ரெசிஸ்டரில் கம்பி சுற்றிய வகை வேண்டாம். அதுவே ஒரு காயில்.

படி 1: லூப்

பலகையில் 30 × 30 செ.மீ. சதுரம் வரைந்து அதன் மேல் பட்டையை ஒட்டுங்கள். கீழ்ப் பக்கத்தின் நடுவில் 1 செ.மீ. இடைவெளி விடுங்கள், கெபாசிட்டர்கள் அங்கேதான் வரும். மூலையில் பட்டையை வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் போதாது, சால்டர் வைக்க வேண்டும். பட்டையின் பசை பெரும்பாலும் மின்சாரம் கடத்தாது. மீட்டரில் தொடர்பு இருப்பதாகக் காட்டும் இணைப்புகூட ரேடியோ அதிர்வெண்ணில் இழப்பைக் கொடுக்கும்.

இந்த அளவு லூப்பின் இண்டக்டன்ஸ் ஏறத்தாழ 0.92 மைக்ரோஹென்றி. 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு: 138-ஐ மைக்ரோஹென்றி எண்ணால் வகுத்தால் லூப் அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரத் தேவையான கெபாசிட்டர் பிக்கோஃபாரடில் கிடைத்துவிடும். இங்கே 138 ÷ 0.92 = 150.

படி 2: ஒத்ததிர்வு

ரீடரை இன்னும் தொடாதீர்கள். லூப்பின் இரு முனைகளுக்கு இடையே மொத்தம் 150 பிக்கோஃபாரட் வருமாறு கெபாசிட்டர்களை வையுங்கள். நானோவிஎன்ஏயின் இரண்டு போர்ட்டுகளிலும் 4 செ.மீ. விட்டமுள்ள ஒற்றைச் சுற்றுக் கம்பி வளையம் ஒவ்வொன்றை மாட்டி, ஒன்றை லூப்பின் இடப் பக்கத்துக்கு அருகிலும் மற்றதை வலப் பக்கத்துக்கு அருகிலும் பிடியுங்கள். 11 முதல் 16 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் செய்தால் ஓர் உச்சி தெரியும். வளையங்களை மெல்ல விலக்குங்கள். விலக்கினாலும் உச்சியின் இடமும் அகலமும் மாறாத தூரத்தில்தான் அளவு நம்பத்தக்கது.

உச்சி 14.1-இல் நின்றால் கெபாசிட்டர் போதவில்லை என்று பொருள். (14.1 ÷ 13.56)-இன் வர்க்கம் 1.08, 150-ஐ அதனால் பெருக்கினால் 162. இப்படி ஓரிரு முறையில் 13.56-க்கு வந்துவிடலாம்.

படி 3: கியூவைக் குறைப்பது

கியூ என்பது உச்சியின் கூர்மையைச் சொல்லும் எண். புதிதாகச் செய்கிறவர்கள் இடறுவது இங்கேதான். உச்சி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். ஆனால் டேக்கின் பதில் 13.56-இல் வருவதில்லை, அதிலிருந்து இரு பக்கமும் 423 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வருகிறது. ஆண்டெனா மிகக் கூர்மையாக இருந்தால் டேக்குக்குச் சக்தி போய்ச் சேரும், அதன் பதில் மட்டும் நலிந்துவிடும். போதாக்குறைக்கு, பக்கத்தில் ஒரு கை வந்தாலே ட்யூனிங் விலகும்.

உச்சிக்கு இரு பக்கமும் 3 டெசிபல் இறங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 13.56-ஐ அந்த அகலத்தால் வகுத்தால் கியூ. அகலம் 0.17 மெகாஹெர்ட்ஸ் என்றால் கியூ 80. நமக்கு வேண்டியது 20 சுற்று, அதாவது 0.65–0.7 மெகாஹெர்ட்ஸ் அகலம். கெபாசிட்டருக்கு இணையாக 2.2 கிலோஓம் வைத்தால், 80-இல் இருந்த லூப் 21-க்கு இறங்கும். வேறு எண் கிடைத்தால் ரெசிஸ்டரை மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள்.

1 வாட் ஓட்டத்தில் அந்த ரெசிஸ்டர் முக்கால் வாட்டைச் சூடாக்கிக் கழிக்கும். 2 வாட் கேட்டது அதற்காகத்தான். சக்தியை வீணாக்குவதாகத் தோன்றலாம், ஆனால் கூர்மையைக் குறைக்க வேறு எளிய வழி இல்லை.

படி 4: 50 ஓமுக்குப் பொருத்துவது

150 பிக்கோஃபாரடில் 42-ஐப் பிரித்தெடுத்து, கேபிளின் நடுக்கம்பிக்கும் லூப்பின் ஒரு முனைக்கும் இடையே தொடராக வையுங்கள். மீதி 108 லூப்பின் குறுக்கே இணையாகவே இருக்கட்டும். கேபிளின் வெளிச்சுற்று (நடுக்கம்பியைச் சூழ்ந்த கம்பிப் பின்னல்) லூப்பின் மறுமுனைக்கு. நடைமுறையில் தொடருக்கு 22 + டிரிம்மர், இணைக்கு 82 + டிரிம்மர். படி 2-இல் உங்கள் மொத்தம் 162 வந்திருந்தால் இணைப் பங்கு 120. தொடர் பங்கு ஏறக்குறைய அதேதான்.

லூப்பை ஒட்டியே கேபிளை ஃபெரைட் வளையத்தில் 5–6 சுற்று சுற்றுங்கள். இதை விட்டால் கேபிளின் வெளிச்சுற்றும் ஆண்டெனாவின் பகுதியாகிவிடும். கேபிளைக் கையால் தடவிக்கொண்டே திரையைப் பாருங்கள். கோடு ஆடினால் இன்னும் இரண்டு சுற்று கூட்டுங்கள்.

நானோவிஎன்ஏயை அதன் கேபிள் முனையில் ஓபன், ஷார்ட், லோடு மூன்றாலும் கேலிபரேட் செய்து ஆண்டெனாவில் இணையுங்கள். டிரிம்மரைத் திருக பிளாஸ்டிக் அல்லது செராமிக் முனைத் திருப்புளி மட்டுமே. இரும்புத் திருப்புளி தானே அளவை மாற்றும்.

ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையைக் காட்டும் கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கும். இணை டிரிம்மர் அந்தப் பள்ளத்தை 13.56-க்கு நகர்த்தும். அங்கே ரியாக்டன்ஸ் (காயிலும் கெபாசிட்டரும் தரும் தடை) பூச்சியமாக இருக்கும்போது ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். 50-க்கு மேல் காட்டினால் தொடரைக் கூட்டி, அதே அளவு இணையைக் குறையுங்கள். 50-க்குக் கீழே என்றால் தலைகீழ். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். மாறி மாறிச் சில முறை திருக வேண்டும். ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு) 20 டெசிபல் தாண்டினால் நிறுத்திவிடலாம். 14 டெசிபல் என்றால் எஸ்டபிள்யூஆர் (நிலை அலை விகிதம், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5, அதுவே போதும் என்று விடுவதிலும் தப்பில்லை.

படி 5: இடத்தில் பொருத்துவது

மேசையில் செய்த ட்யூனிங் ஓர் ஒத்திகைதான். மாட்டிய இடத்தில் மறுபடியும் அளந்து படி 4-ஐத் திரும்பச் செய்ய வேண்டும்.

அருகில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பாய்ந்து லூப்பின் இண்டக்டன்ஸைக் குறைக்கும். பள்ளம் மேல் அதிர்வெண்ணுக்கு ஏறும். உலோகத் தகட்டிலிருந்து குறைந்தது 15 செ.மீ. விலக்குங்கள். 5 செ.மீ.க்குள் வைத்துவிட்டு டிரிம்மரால் சரிக்கட்டினால் திரையில் பள்ளம் அழகாகத் தெரியும், ஆனால் தகடு காந்தப் புலத்தையே எதிர்த்து அழிப்பதால் படிக்கும் தூரம் வராது. அப்படியொரு இடந்தான் வாய்த்தது என்றால் லூப்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபெரைட் தாள் வையுங்கள். ஃபெரைட் எதிர்த்திசையில் இழுக்கும், பள்ளம் கீழே இறங்கும்.

லூப்பைச் சுற்றி உலோகச் சட்டம் போடும் ஆசை பலருக்கு உண்டு. நான்கு பக்கமும் மூடிய சட்டம் குறுக்கிணைத்த ஒரு சுற்றைப் போல நடந்து புலத்தை விழுங்கிவிடும். ஒரு மூலையிலாவது பிளாஸ்டிக் துண்டால் தொடர்பை அறுத்துவிடுங்கள்.

கடைசியாக ரீடரை இணையுங்கள். ஆண்டெனா இல்லாமலோ ட்யூன் ஆகாமலோ ரீடரை முழுச் சக்தியில் ஓட்டினால் அதன் வெளியீட்டுப் பகுதி கெடக்கூடும். ஓடும்போது லூப் முனைகளில் உச்சமாக 57 வோல்ட் நிற்கும். பெரிய ரீடர்களில் இன்னும் அதிகம், விரல் சுடும்.

படிக்கவில்லை என்றால்

கார்டு அளவு டேக்கை லூப்பின் நடுவில், அதற்கு இணையாகப் பிடித்தால் ஏறத்தாழ 30 செ.மீ. வரை எதிர்பார்க்கலாம். செங்குத்தாகப் பிடித்தால் நடுவில் படிக்காது, பட்டைக்கு நேர் மேலே படிக்கும். புலத்தின் திசையே அப்படி, அது பழுதல்ல.

தூரம் பாதிதான் வருகிறது, ஆனால் பள்ளம் சரியாக இருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது ஸ்விட்ச்மோடு பவர் சப்ளையின் இரைச்சலை. லீனியர் சப்ளைக்கு மாற்றிப் பாருங்கள். ஒற்றைப் பள்ளம் இரண்டாகப் பிளந்து தெரிந்தால் அருகில் அதே அதிர்வெண்ணில் இன்னொரு லூப் இருக்கிறது. தனியாக வைத்தால் படிக்கும் டேக்குகள் அடுக்கினால் மறைந்துபோகின்றனவா? அவை ஒன்றையொன்று ட்யூனிங்கிலிருந்து தள்ளுகின்றன. ஆண்டெனாவைத் திருகிப் பயனில்லை. டேக்குகளுக்கு இடையே இடைவெளி விட வேண்டும்.