ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "கோட்டை எங்கே இருக்கு?" கோட்டை இல்லை. போர்ச்சுகீசியர் 1503இல் எழுப்பிய இம்மானுவேல் கோட்டையை 1663இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர் 1806இல் அதை இடித்துவிட்டார்கள். கடலோரம் கிடக்கும் சில கட்டுமானத் துண்டுகளும் பெயரும்தான் மிச்சம். கோட்டையைத் தேடி அரை நாளைத் தொலைக்காதீர்கள்.

அந்த ஊரில் பார்க்க வேண்டியது தண்ணீரை. 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம், சங்கப் பாடல்கள் மிளகோடு சேர்த்துச் சொல்லும் முசிறித் துறைமுகப் பக்கத்தைத் தூர்த்து, கொச்சியில் கடல்வாயைத் திறந்துவிட்டது என்பார்கள். கொச்சி துறைமுகமானது அப்படித்தான். அரேபியர், சீனர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் எல்லோரும் தண்ணீர் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அதனால்தான் எர்ணாகுளத்திலிருந்து தோப்பும்படி சுற்றிக் காரில் போவதைவிடப் படகில் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இருபது நிமிடம், நெரிசல் கிடையாது.

எந்தப் படகு என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எர்ணாகுளம் மரைன் டிரைவில் நடந்தால் "ஃபோர்ட் கொச்சி போட், சார்" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவை சுற்றுலாப் படகுகள். ஒரு வட்டம் அடித்து, நடுவே கொஞ்ச நேரம் இறக்கிவிட்டு, மணியடித்துத் திரும்ப ஏற்றிவிடும். முதல் தடவை நாங்களும் குடும்பத்தோடு அப்படித்தான் போனோம். ஃபோர்ட் கொச்சிக்குப் பக்கத்து மட்டாஞ்சேரியில் நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை, அங்கே பார்க்க வேண்டிய அரண்மனை பூட்டிக் கிடந்தது. பணம் வாங்கும்போது அதை ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உள்ளூர்க்காரர்கள் போகும் படகு வேறு. எர்ணாகுளம் மெயின் போட் ஜெட்டி என்னும் படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு சில ரூபாய்க்கே கொண்டுபோய் விடும். ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து 2024 ஏப்ரல் முதல் வாட்டர் மெட்ரோவும் ஓடுகிறது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டிய, பேட்டரியில் ஓடும் குளிர்சாதனப் படகு. வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருந்தால் யோசிக்காமல் அதில் ஏறுங்கள். மற்றவர்களுக்கு என் ஓட்டு பழைய படகுக்குத்தான். திறந்த ஜன்னல், முகத்தில் காற்று, பக்கத்தில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள்.

ஏறியதும் இடப்பக்கம் இடம் பிடியுங்கள். அந்தப் பக்கம் தெரியும் வில்லிங்டன் தீவு, துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. பிரிட்டிஷ் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் வந்து தொடங்கிய வேலை அது. கடல்வாயில் குறுக்கே கிடந்த மணல்திட்டை வெட்டியபின் 1928இல்தான் பெரிய கப்பல் உள்ளே வர முடிந்தது. வலப்பக்கம் போல்காட்டித் தீவு, டச்சுக்காரர் 1744இல் கட்டிய மாளிகையோடு. பெரும்பாலோர் இந்த இருபது நிமிடத்தையும் செல்ஃபி எடுத்தே கழித்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2015 ஆகஸ்ட் 26 அன்று ஃபோர்ட் கொச்சி ஜெட்டிக்குப் பக்கத்திலேயே பயணிகள் படகில் மீன்பிடி படகு மோதி 11 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய சுற்றுலாப் படகு பொழுது சாய்ந்த நேரத்தில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. தனியார் படகில் ஏறும் முன் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கும் பலகையைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டிருந்தால் பயனில்லை, கேட்டு வாங்கிப் போடுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுக்கவும் கூடாது. கூட்டம் அதிகமென்று பட்டால் கொடுத்த பணம் போனாலும் இறங்கிவிடுங்கள்.

கரையோரம் மரச்சட்டத்தில் தொங்கும் பெரிய சீன மீன்வலைகளை நடுப்பகலில் போய்ப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்புகிறவர்கள் உண்டு. விடியற்காலையில் போங்கள். ஒரு வலைக்கு நான்கைந்து பேர் வேண்டும். ஒருவர் வலையைத் தாங்கும் பெரிய மரக்கட்டையின் மேல் மெல்ல நடந்து போவார், அவர் எடைக்கு மொத்த வலையும் குனிந்து தண்ணீருக்குள் இறங்கும். சில நிமிடம் கழித்து, பாறாங்கற்கள் வரிசையாகக் கட்டித் தொங்கும் கயிறுகளை மற்றவர்கள் இழுப்பார்கள். கற்கள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொட, வலை எழும். பல தடவை உள்ளே மின்னுவது ஒரு கை மீன்தான். மழைக்காலத்தில் அடித்து வரும் ஆகாயத்தாமரை வேறு வலையை அடைத்துவிடும். "வாங்க, நீங்களும் இழுங்க" என்று கூப்பிட்டால், எவ்வளவு தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டு ஏறுங்கள். அது அவர்கள் பிழைப்பு, கொடுப்பதில் தவறில்லை. பிறகு சண்டை போடுவதுதான் தவறு.

பெயர்களை நம்புவது இன்னொரு தவறு. மட்டாஞ்சேரியின் 'டச்சு அரண்மனை'யைக் கொச்சி அரசருக்குக் கட்டிக் கொடுத்தது போர்ச்சுகீசியர், 1545 வாக்கில். டச்சுக்காரர் பின்னால் பழுதுபார்த்தார்கள், அவ்வளவுதான். அதேபோல புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோடகாமாவின் கல்லறையைக் காட்டுவார்கள். 1524இல் கொச்சியில் இறந்து அங்கே புதைக்கப்பட்டது உண்மை. உடலைப் பதினைந்து ஆண்டுகள் வாக்கில் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது.

கிழமை முக்கியம். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. அங்கேயே 1568இல் கட்டிய பரதேசி (வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று பொருள்) யூத ஆலயத்துக்கு வெள்ளியும் சனியும் வேண்டாம். ஆலயத்துக்குள் அரைக்கால் சட்டை, கையில்லாத உடுப்பு ஆகாது. காலடியில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீல ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. குனிந்து பாருங்கள்.

மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. மலிவாகக் கூப்பிடும் ஆட்டோவில் ஏறினால் நடுவில் நாலு கடைகளில் இறக்குவார்கள். வெயில் தாழ்ந்ததும் பஜார் ரோடு வழியாக நடந்துவிடுங்கள். மிளகும் சுக்கும் மணக்கும் பழைய பண்டகசாலைகள், சிலவற்றின் பின்வாசல் நேரே தண்ணீரில் இறங்கும்.

கடற்கரையில் குளிக்க இறங்காதீர்கள். கப்பல்கள் போகும் கடல்வாய் அது, இழுப்பு அதிகம்.

சூரியன் விழுந்ததும் எல்லோரும் ஒரே ஜெட்டிக்கு ஓடுவார்கள். ஞாயிறு மாலை அந்த வரிசையில் குழந்தையோடு நிற்பது கொடுமை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று வந்து இறங்கும்போதே கேட்டுவையுங்கள். வரிசை நீளமாக இருந்தால் பக்கத்திலேயே எதிரில் உள்ள வைப்பின் தீவுக்குப் போகும் ரோ-ரோ படகு இருக்கிறது. கார், பைக், ஆள் எல்லாம் ஒன்றாக ஏறும், ஐந்து நிமிடத்தில் அக்கரை. அங்கிருந்து தீவுகளை இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் வழியாக எர்ணாகுளம் ஹைகோர்ட் பக்கம் பஸ் கிடைக்கும். ரோ-ரோ படகில் கம்பியோரம் நின்று திரும்பிப் பாருங்கள், வலைகள் வரிசையாகத் தெரியும்.